காரணம் எழுதும் கட்டம்

அந்த டீச்சருக்குக் குரல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாவது பாடவேளையில், ஏழாம் வகுப்பின் நடுவில். வெப்பம் பற்றிய பாடம். வெயில் காலத்தில் இரும்புக் கதவு ஏன் இறுகிக்கொள்கிறது என்று கேட்டிருந்தார். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "இரும்பு விரியும் டீச்சர்" என்றாள். சரியான பதில்தான். டீச்சர் வழக்கம்போல "எதனாலே?" என்று கேட்க வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது.

டீச்சர் விளையாடுகிறார் என்று நினைத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் இன்னொரு தரம் முயன்றார். மறுபடியும் காற்று. அவர் கண் கலங்கியதைப் பார்த்த பிறகுதான் வகுப்பு அடங்கியது.

பத்தொன்பது வருடமாக அதே பள்ளியில் அவர் கேட்டுவந்த கேள்வி அது. சரியான பதில் சொன்னாலும் "எதனாலே?", தப்பாகச் சொன்னாலும் "எதனாலே?". ஒருமுறை, "டீச்சர், தண்ணி குடிச்சிட்டு வரட்டுமா?" என்று கேட்ட பிள்ளையிடமும் வாய் தவறி "எதனாலே?" என்று கேட்டுவிட, வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. அன்றிலிருந்து அவர் 'எதனாலே டீச்சர்'. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி.

குரல் நாணில் முடிச்சு விழுந்திருப்பதாக மருத்துவர் சொன்னார். அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் வாய் திறக்கக் கூடாது என்றார். வீட்டில் ஒரு நோட்டும் பேனாவுமாகக் காலம் ஓடியது. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். மனைவியைச் சிரிக்கவைக்கப் படாத பாடு பட்டார்.

"கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. இப்பதான் நான் ஒரு வாக்கியத்த முழுசா பேசி முடிக்கிறேன்" என்பார். டீச்சர் நோட்டில் 'ரொம்ப ஆடாதீங்க' என்று எழுதிக் காட்டுவார்.

குரல் திரும்பி வந்தது, ஆனால் பாதிதான். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். நாற்பது பேருக்குக் கேட்காது. உரக்கப் பேசினால் மிச்சமும் போய்விடும், இனி தினமும் வகுப்பெடுப்பது முடியாத காரியம் என்று மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார். கல்வித் துறை இரக்கம் காட்டி, மின்பாடம் தயாரிக்கும் அலுவலகத்துக்கு அவரை மாற்றியது. கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "கொடுத்து வச்சவங்க. நிம்மதியான வேலை."

நிம்மதி என்றால் அப்படியொரு நிம்மதி. மூன்றாவது மாடியில் ஒரு நீண்ட அறை, ஆறு மேசை, ஆறு கணினி. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். பள்ளிகளில் நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு டேப்லெட் கொடுத்திருந்தார்கள். அதில் வரும் அறிவியல் கேள்விகளைத் தயாரிப்பதுதான் டீச்சரின் வேலை. ஒரு கேள்விக்கு நான்கு விடை, ஒன்றைத் தொட வேண்டும். பதினோராயிரம் பிள்ளைகள் தொட்டது திங்கட்கிழமை காலையில் பச்சைப் பட்டையாகவும் சிவப்புப் பட்டையாகவும் அவர் திரையில் வந்து நிற்கும். எழுபத்தொரு சதவீதம் சரி. அறுபத்துநான்கு சதவீதம் சரி. அவ்வளவுதான்.

இங்கே அவரை யாரும் டீச்சர் என்று கூப்பிடவில்லை. எல்லாருக்கும் 'மேடம்'. முதல் வாரத்தில் யாரோ வேறொரு அம்மாவைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து இரண்டு முறை திரும்பாமலே இருந்துவிட்டார்.

பத்தே முக்கால் ஆனதும் உடம்பு தானாக எழுந்து நிற்கும். இரண்டாவது பாடவேளை. எழுந்த பிறகு எங்கே போவது என்று தெரியாமல் தண்ணீர்க் குடத்துப் பக்கம் போய் ஒரு மடக்கு குடித்துவிட்டு வந்து உட்காருவார். கேள்வி கேட்ட பிறகு வகுப்பில் விழும் அந்த ஒரு கணத்து மௌனம்தான் அவரை அதிகம் வாட்டியது. நாற்பது தலை, நாற்பது விதமான சுளிப்பு. ஒருத்தி பேனா மூடியைக் கடிப்பாள், ஒருவன் கூரையைப் பார்ப்பான். பிறகு எங்கோ ஒரு மூலையில் ஒரு முகம் பளிச்சென்று மாறும். அந்த முகத்துக்காகத்தான் பத்தொன்பது வருடம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். பச்சைப் பட்டைக்கு ஏது முகம்?

அலுவலகத்தின் தலைவர் நல்ல மனிதர். ஆனால் சுற்றறிக்கைக்குப் பயந்தவர். ஒரு நாள் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து படித்தார்.

"மாணவர்களோட உயர்நிலைச் சிந்தனைத் திறன வளர்க்கணுமாம். இனிமே பத்துக் கேள்விக்கு மூணு அந்த மாதிரி இருக்கணும்."

அலுவலகம் அதற்கு ஒரே நாளில் வழி கண்டுபிடித்தது. பழைய கேள்விகளின் தலையில் 'சிந்தித்து விடையளி' என்று போட்டார்கள். கீழே அதே நான்கு விடை.

டீச்சர் தலைவரின் மேசைக்குப் போய்க் குனிந்து, தன் பாதிக் குரலில் சொன்னார்: "சார், நெத்தியில பொட்டு வச்சா ஆள் மாறிடுமா? எத தொட்டாங்கங்கிறது மட்டும் தெரிஞ்சா போதாது. எதனாலே தொட்டாங்கன்னு கேக்கணும். கேள்விக்குக் கீழ ஒரு காலிக் கட்டம் வைப்போம். காரணத்த அவங்களே எழுதட்டும்."

"எழுதினா யாரு திருத்துறது? மெஷின் திருத்தாது மேடம்."

"திருத்த வேணாம் சார். மார்க்கும் வேணாம். நான் படிக்கிறேன்."

"பதினோராயிரம் பேரு!"

"படிக்கிறேன் சார்."

தலைவர் பக்கத்து மேசையில் இருந்த மென்பொருள்காரரைப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டிய அந்த மனிதர் ஒரு நாளைக்கு மொத்தம் பத்து வார்த்தை பேசினால் அதிகம். "வைக்கலாம்" என்று அன்றைய கணக்கில் ஒன்றைச் செலவழித்தார்.

முதலில் போன கேள்வி, குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் ஏன் ஈரமாகிறது என்பது. திங்கட்கிழமை டீச்சர் சீக்கிரமாகவே வந்து உட்கார்ந்தார், மாப்பிள்ளை வீட்டாருக்குக் காத்திருக்கும் பெண் வீட்டார் மாதிரி ஒரு படபடப்போடு. ஒன்பதாயிரம் பேர் விடையைத் தொட்டிருந்தார்கள். அதில் எட்டாயிரம் கட்டம் காலி. மிச்சத்தில், 'புத்தகத்தில் இருக்கிறது'. 'டீச்சர் சொன்னாங்க'. 'சும்மா'. 'ககககக'. ஒருவன் ஒரு சிரிக்கும் மஞ்சள் முகத்தை வைத்து, பக்கத்தில் அழும் முகம் ஒன்றையும் வைத்திருந்தான்.

வீட்டுக்கு வந்தவர் பையைப் போட்ட இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கணவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"எட்டாயிரம் பேரு ஒண்ணும் எழுதலன்னு அழுகிற. ஆயிரம் பேரு ஏதோ எழுதியிருக்காங்களே. நம்ம கடை வாசல்ல ஆயிரம் பேரு போனா ஒருத்தர் உள்ள வருவார், அதுவும் நேரம் கேக்க."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் மீதியைப் படித்தார். நானூறோ ஐந்நூறோ படித்திருப்பார், ஒரு கட்டத்தில் விரல் நின்றது. பெயர் இல்லை, பள்ளி இல்லை. 4417 என்ற எண் மட்டும். அந்தப் பிள்ளை சரியான விடையைத்தான் தொட்டிருந்தது: தண்ணீர் காற்றிலிருந்து வருகிறது. கீழே எழுதியிருந்தது இது:

'காற்றில் தண்ணீர் இருக்கிறது என்று படித்தேன். அதனால் இதைத் தொட்டேன். ஆனால் எனக்கு நம்பிக்கை இல்லை. காற்றில் தண்ணீர் இருந்தால் நாம் ஏன் நனையவில்லை?'

டீச்சர் அதை மூன்று முறை படித்தார். பிறகு எழுந்து நின்றார். மணி பத்தே முக்கால் ஆகவில்லை. ஆனாலும் நின்றார். பத்தொன்பது வருடத்தில் இப்படி எதிர்க்கேள்வி கேட்ட பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வகுப்பாக இருந்திருந்தால் இப்போது அந்த மேசைக்குப் போயிருப்பார். "நல்ல கேள்வி, நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டிருப்பார். அந்த முகத்தைப் பார்த்திருப்பார். இங்கே பதில் எழுதக்கூட வழியில்லை.

மென்பொருள்காரரிடம் போனார். "இந்த 4417 யாருன்னு சொல்ல முடியுமா?"

"முடியாது மேடம். பிள்ளைங்க விவரம் யாருக்கும் தெரியக் கூடாது. எனக்கே தெரியாது."

அது நியாயம் என்று டீச்சருக்கும் தெரியும். நியாயம் தெரிந்தால் மட்டும் மனசு கேட்கிறதா? ஆணா பெண்ணா, கடைசி வரிசையா முன்வரிசையா, எழுதும்போது எதைக் கடிக்கும், ஒன்றும் தெரியாமல் அந்த நான்கு இலக்கத்தை மனதில் சுமந்துகொண்டு நடந்தார்.

எட்டாயிரம் கட்டம் ஏன் காலி என்று கண்ணால் பார்க்க வேண்டும் போல இருந்தது. தலைவரிடம் கேட்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு பள்ளிக்குப் போனார். "பார்வையாளரா மட்டும் போங்க. பேசாதீங்க. உங்க தொண்டைக்காகச் சொல்றேன்" என்று அனுப்பினார் தலைவர்.

வகுப்புக்குள் கால் வைத்ததும் சாக்பீஸ் தூளும் வியர்வையும் மதியச் சாப்பாட்டுப் பாத்திரமும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முப்பத்துநாலு பிள்ளைகள், முப்பத்துநாலு டேப்லெட். அந்த வகுப்பின் அறிவியல் ஆசிரியை சுறுசுறுப்பான பெண். பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். டீச்சருக்குப் பக்கத்தில் இருந்த சிறுமி விடையைத் தொட்டாள், காரணக் கட்டம் வந்ததும் நிறுத்தினாள், நெற்றியைச் சுளித்தாள். இரண்டு எழுத்து அடித்தாள். அதற்குள் ஆசிரியையின் குரல் வந்தது.

"அந்தக் கட்டத்துக்கு மார்க் கிடையாது. தாண்டிப் போங்க, தாண்டிப் போங்க!"

சிறுமி இரண்டெழுத்தையும் அழித்துவிட்டுத் தாண்டிப் போனாள்.

மணி அடித்ததும் டீச்சர் தாழ்வாரத்தில் ஆசிரியையைப் பிடித்தார். கோபத்தை அடக்கிக்கொண்டு, "ஏம்மா தாண்டச் சொன்னீங்க?" என்று கேட்டார்.

"என்னை என்ன பண்ணச் சொல்றீங்க டீச்சர்? முப்பத்தஞ்சு நிமிஷத்துல எட்டுக் கேள்வி முடிக்கணும். முடிக்கலன்னா என் வகுப்பு சிவப்புல நிக்கும். எட்டுன்னு போட்டது உங்க ஆபீஸ்தானே?"

டீச்சருக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. யோசிக்கச் சொல்லிவிட்டு, யோசிக்க நேரம் தராமல் விரட்டியது அவருடைய மேசைதான்.

மறுநாள் தலைவரின் அறையில் நடந்ததை அந்த மாடியே கேட்டது. "எட்டுக் கேள்விய ரெண்டா குறைங்க சார்" என்று மெதுவாகத்தான் தொடங்கினார். எண்ணிக்கை குறைந்தால் மேலிடம் கேட்கும் என்றார் தலைவர். பாடம் முடியாது என்றார். மற்ற அலுவலகங்கள் பத்துப் போடுகின்றன என்றார். டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தார். திடீரென்று மருத்துவரை மறந்தார், இருக்கும் இடத்தை மறந்தார்.

"முடிக்கிறதுக்கா சார் சொல்லித் தர்றோம்? ஒரு பிள்ள நெத்தியச் சுளிச்சு ரெண்டு எழுத்து எழுதிச்சு சார்! அத நாம அழிக்க வச்சிட்டோம்! நாமதான் சா..."

முழுக் குரல். நாற்பது பேருக்குக் கேட்கும் குரல். கடைசிச் சொல் பாதியில் அறுந்தது. அப்புறம் நான்கு நாள் ஒரு சொல்கூட வரவில்லை. வீட்டில் மறுபடி நோட்டு வந்தது. கணவர் இந்த முறை வேடிக்கை எதுவும் சொல்லாமல் வெந்நீர் போட்டுக் கொடுத்தார். நோட்டில் டீச்சர் எழுதினார்: 'ரொம்ப நாளைக்கு அப்புறம் என் குரலக் கேட்டேன். நல்லா இருந்துச்சு.' அதைப் படித்துவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் அலுவலகம் போனபோது தலைவர் அவராகவே மேசைக்கு வந்தார். "ரெண்டு கேள்வி. மூணு மாசத்துக்குப் பரீட்சார்த்தமா. தயவுசெஞ்சு இனிமே எழுதிக் கொடுங்க, கத்தாதீங்க."

அந்தத் தைரியத்தில் டீச்சர் மென்பொருள்காரரிடம் ஒன்று கேட்டார். ஒரு பிள்ளை எழுதும் காரணத்தை, பெயர் இல்லாமல், வேறு விதமாக நினைக்கும் இன்னொரு பிள்ளைக்குக் காட்ட முடியுமா? 'உன்னைப் போல ஒருவர் இப்படி நினைக்கிறார். நீ ஒத்துக்கொள்கிறாயா? ஏன்?' என்று கேட்க முடியுமா? படித்த பிறகு மனம் மாறினால் விடையை மாற்றிக்கொள்ளவும் இடம் வேண்டும்.

மென்பொருள்காரர் "ரெண்டு வாரம்" என்றார். பத்தே நாளில் செய்து முடித்தார். கெட்ட வார்த்தையோ யாருடைய அடையாளமோ வெளியே போகாதபடி, காட்டப்போகும் காரணங்களை டீச்சர் முதலில் படித்துப் பார்ப்பது என்று ஏற்பாடு.

இந்தப் புது முறையில் முதல் கேள்வியாக எதை அனுப்புவது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. 'காற்றில் தண்ணீர் இருந்தால் நாம் ஏன் நனையவில்லை?' ஒரு பிள்ளையின் கேள்வி பதினோராயிரம் பிள்ளைகளுக்குப் போனது.

பதில்கள் அடைமழையாய்க் கொட்டின. 'சர்க்கரை கரைந்த தண்ணீரில் சர்க்கரை தெரிகிறதா? அதுபோலக் காற்றில் தண்ணீர் தெரியாமல் இருக்கிறது.' அதற்கு மறுப்பு: 'சர்க்கரை தெரியாது, ஆனால் இனிக்கும். காற்று ஈரமாக இல்லையே?' அதற்கும் மறுப்பு: 'மழைக்கு முன்னால் உடம்பு பிசுபிசுக்கும். அதுதான் ஈரம்.' இன்னொரு பிள்ளை: 'குளிர்ந்த பொருள்மீதுதான் ஒட்டும். நம் உடம்பு சூடு. என்னை ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் நானும் நனைவேன். அம்மா விடமாட்டார்.' வேறொன்று: 'ஏசி அறையிலிருந்து வெளியே வந்தால் என் மூக்குக்கண்ணாடி நனைகிறது. அதனால் கேள்வியே தப்பு. நாம் நனைகிறோம். கவனிக்கவில்லை.'

வீட்டில் கணவரிடம் இதைச் சொன்னபோது அவர் துள்ளிக் குதித்தார். "முப்பது வருஷமா துடைச்சுத் துடைச்சுத் தர்றேன். எனக்கு இது தோணலையே!"

டீச்சரை அசைத்தவை வேறு பதில்கள். 'முதலில் நான் நினைத்தது தப்பு, ஏனென்றால்' என்று தொடங்கியவை. அறுநூற்றுப் பன்னிரண்டு இருந்தன. யாரும் மிரட்டாமல், மதிப்பெண் இல்லாமல், தன் எண்ணத்தைத் தானே திரும்பிப் பார்த்த அறுநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். அத்தனையையும் படித்தார். எங்கோ அறுநூற்றுப் பன்னிரண்டு முகங்கள் பளிச்சென்று மாறியிருக்கும். ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை.

4417 மட்டும் எழுதவில்லை. அடுத்த வாரமும் இல்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. கேட்காமலே மென்பொருள்காரர் ஒரு நாள் சொன்னார்: "அந்த எண் இப்ப ஓடல மேடம். வேற ஊரு போயிருக்கலாம். பள்ளி மாறினா புது எண் வந்துரும்." தன் கேள்வி ஊரையே பேசவைத்தது அந்தப் பிள்ளைக்குத் தெரியுமோ தெரியாதோ. புது எண்ணோடு வேறெங்கோ இருந்து அதுவும் பதில் எழுதியிருக்கலாம் என்று டீச்சர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பாதி நம்பினார்.

மூன்று மாதம் முடியும்போது அந்தச் சுறுசுறுப்பு ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். "டீச்சர், வெள்ளிக்கிழமை நான் லீவு. ஏழாம் வகுப்ப ஒரு பாடவேளை பார்த்துக்கறீங்களா? கத்த வேண்டியிருக்காது. இப்பெல்லாம் அவங்களே வாதம் பண்ணி அடிச்சுக்கிறாங்க."

டீச்சர் வெள்ளிக்கிழமை மற்ற நாளைவிட நல்ல புடவை கட்டிக்கொண்டு போனார். கரும்பலகையில் கேள்வியை எழுதினார்: 'பகலில் நட்சத்திரங்கள் எங்கே போகின்றன?' பிள்ளைகள் டேப்லெட்டில் எழுதினார்கள். எழுதியவை பெயரில்லாமல் சுவரில் இருந்த பெரிய திரையில் ஒவ்வொன்றாக வந்தன. டீச்சர் எதையும் சரி என்றோ தப்பு என்றோ சொல்லவில்லை. விரலால் ஒரு வரியைக் காட்டிவிட்டு, புருவத்தை உயர்த்தி வகுப்பைப் பார்ப்பார். அவ்வளவுதான். ஒரு கணம் நிசப்தம் விழும். அப்புறம் ஒருத்தி எழுவாள், ஒருவன் மறுப்பான், ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். தான் ஒரு சொல்லும் பேசவில்லை என்பதே அவருக்கு மறந்து போயிற்று.

மணி அடித்தது. பிள்ளைகள் டேப்லெட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு, திறந்த கூண்டுப் புறாக்கள் மாதிரி ஓடினார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைகள் அப்படித்தான். டீச்சர் கரும்பலகை முன்னால் நின்றார். அழிப்பானை எடுத்தார். அழிக்கக் கை வரவில்லை.

ஒரு பெண் மூச்சிரைக்கத் திரும்பி ஓடி வந்தாள். மறந்து வைத்த தண்ணீர்ப் புட்டியை எடுத்தாள். வாசல் வரை போய் நின்றாள்.

"டீச்சர், சூரிய வெளிச்சத்துல நட்சத்திரம் மறையுதுன்னு எல்லாரும் சொன்னாங்கல்ல? நான் ஒத்துக்கல. அப்ப நிலா மட்டும் ஏன் சில நாள் பகல்ல தெரியுது? அடுத்த வெள்ளிக்கிழமை சொல்றேன். வருவீங்கல்ல?"

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த ஆசிரியை திரும்பி வந்துவிடுவார். டீச்சரின் இடம் மூன்றாவது மாடி. "நீ யோசிச்சு வை" என்றார். பெண் ஓடிவிட்டாள்.

திங்கட்கிழமை முதல் வேலையாக டீச்சர் ஒரு விண்ணப்பம் எழுதித் தலைவரிடம் நீட்டினார். பேசவில்லை. வாரம் ஒரு பாடவேளை, வெள்ளிக்கிழமை, அந்தப் பள்ளியில். மருத்துவர் சம்மதக் கடிதம் இணைப்பு. தலைவர் மூக்கின் நுனிக்கு இறங்கிய கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

"மாசத்துக்கு ரெண்டு வெள்ளிக்கிழமை தரலாம். அதுக்கு மேல கேக்காதீங்க டீச்சர். விதி இடம் கொடுக்காது."

யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். ஆனாலும் பொரியை யார் வேண்டாம் என்பார்கள்? டீச்சர் நன்றி சொல்லிவிட்டு மேசைக்கு வந்து, நாட்காட்டியில் இரண்டு வெள்ளிக்கிழமைகளைப் பேனாவால் வட்டமிட்டார். அந்த மாதத்தில் ஐந்து வெள்ளிக்கிழமைகள் இருந்தன. மற்ற மூன்றும் அவருக்கு மிக நீளமாக இருந்தன.